ஊர் நூலகமும் தோட்டத்துப் பிள்ளையும்

நன்னூற் பொதுப்பாயிரம் நல்லாசிரியனது இயல்பை விளக்கப் புகுந்தவிடத்து நான்கு பொருள்களை உவமையாக எடுத்துக்கொள்கின்றது. நிலம், மலை, நிறைகோல், மலர் என்பன அவை. உழுவானது முயற்சிக்கேற்ப விளைவு தருதல் நிலத்தின் இயல்பு. மழை பொய்த்த காலத்தும் தன்னிடத்துள்ள வளத்தை வழங்குதல் மலையின் இயல்பு. ஒருபாற் சாயாது நிற்றல் நிறைகோலின் இயல்பு. உரிய பொழுதிலே மலர்ந்து யாவரையும் மகிழ்வித்தல் மலரின் இயல்பு. பண்டித வகுப்பிலே இப்பகுதியைப் பாடஞ் சொல்லுந்தோறும் எமக்கு ஓர் எண்ணம் எழுவதுண்டு. இவ்விலக்கணம் ஆசிரியனுக்கு எவ்வளவு பொருந்துமோ அவ்வளவு ஓர் ஊரின் பொது நூலகத்துக்கும் பொருந்தும் என்பதே அது.

நூலகமும் ஓர் ஆசிரியனே. வயது கேளாத ஆசிரியன். பரீட்சையிற் பெற்ற புள்ளியை வினவாத ஆசிரியன். இடைநடுவே பாடசாலையை விட்டு நீங்கியவனையும் மீள ஏற்றுக்கொள்ளும் ஆசிரியன். ஆதலின் நூலகத்தை மதிப்பிடுவோர் அதன் கட்டடத்தின் உயரத்தையோ, நூற்பட்டியலின் நீளத்தையோ முதலில் நோக்குதல் முறையன்று. அவ்வாசிரியன் முன்னிலையில் யார் யார் இருந்து கற்கின்றனர், யார் யார் வாசற்படிக்கு வெளியே நிற்கின்றனர் என்பதையே முதலில் நோக்குதல் வேண்டும். இந்நோக்குடன் எமது ஊவா மாகாணத்தை, சிறப்பாகப் பதுளை மாவட்டத்தை, ஒருகாற் பார்ப்போமாக.

1886 ஆம் ஆண்டு ஊவா தனி மாகாணமாயிற்று. 1924 ஆம் ஆண்டு புகையிரதப் பாதை பதுளையை வந்தடைந்தது. அப்பாதை வந்தது பெரும்பாலும் தேயிலைக்காக. அத்தேயிலையை நட்டுப் பறித்து அரைத்துப் பெட்டியிலிட்ட மக்களின் வழியினர் இன்றும் பசறை, லுணுகலை, ஹாலிஎல, தெமோதரை, பண்டாரவளை, அப்புத்தளை, வெலிமடை ஆகிய பகுதிகளின் மலைச்சரிவுகளில் வாழ்கின்றனர். 2012 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி பதுளை மாவட்டத்து மக்களில் ஏறக்குறைய ஐந்திலொரு பங்கினர் தமிழர். அவருள் மிகப் பெரும்பாலார் தோட்டங்களோடு தொடர்புடையோர்.

நகரங்களிலே மாநகர சபைகளும் நகர சபைகளும், கிராமப் பகுதிகளிலே பிரதேச சபைகளும் நூலகங்களை நடத்தி வருகின்றன. ஆண்டுதோறும் ஒக்டோபர்த் திங்கள் தேசிய வாசிப்பு மாதமாகக் கொண்டாடப்படுகின்றது. அத்திங்களில் நூலகங்கள் விழாக்கோலம் பூணும். புத்தகக் கண்காட்சி நடைபெறும். கட்டுரைப் போட்டியும் பேச்சுப் போட்டியும் நடைபெறும். பரிசளிப்பு விழாவிலே பெரியோர் பலர் வாசிப்பின் பெருமையை எடுத்தியம்புவர். இவை யாவும் போற்றத்தக்கனவே. ஆயின் நவம்பர் பிறந்ததும் மேசை விரிப்புக்கள் மடித்து வைக்கப்படுகின்றன. அக்கண்காட்சியைக் கண்ட மக்களுள் தோட்டத்துப் பிள்ளைகள் எத்தனை பேர் என்ற வினாவை எழுப்புவார் அரியர். பாடசாலை ஒழுங்கு செய்த பேருந்திலே ஒருநாள் வந்து, வரிசையாக நின்று பார்த்து, வரிசையாகத் திரும்பிய பிள்ளைகளை வாசகர் என்று எண்ணிக் கணக்கிடுதல் பொருந்தாது. மறுகிழமை தானாக வந்து ஒரு நூலை இரவல் பெற்றுச் செல்பவனே வாசகன்.

சட்டம் இட்ட வேலி

தோட்டத்துப் பிள்ளை நூலகத்துக்கு வாராமைக்கு அவனது மடி காரணமென்று கூறுவாருளர். அன்னோர் வரலாற்றைச் சிறிது புரட்டிப் பார்த்தல் நன்று. 1945 ஆம் ஆண்டு கன்னங்கரா அவர்களின் முயற்சியால் இந்நாட்டிலே இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தபோது, தோட்டப் பாடசாலைகள் அதன் நிழலுக்கு வெளியே நின்றன. 1948 ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் தோட்டத் தொழிலாளரை நாடற்றோராக்கியது. 1964 ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களைக் கணக்கிட்டுப் பங்கிட்டது. தோட்டப் பாடசாலைகள் அரசின் கைக்கு வந்தது 1970 களின் பிற்பகுதியிலேதான். எஞ்சி நின்ற நாடற்றோருக்கு முற்றாகப் பிரசாவுரிமை வழங்கும் சட்டம் 2003 ஆம் ஆண்டிலேயே நிறைவேறியது.

இவை பலரும் அறிந்தன. நூலகத்தோடு நேரடியாகத் தொடர்புடைய இன்னொன்று உண்டு. அதனை அறிந்தார் சிலரே. பிரதேச சபைகளைத் தோற்றுவித்த 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கச் சட்டத்தின் 33 ஆம் பிரிவு, அச்சபைகள் தம் நிதியைக் கொண்டு தோட்டக் குடியிருப்புக்களுக்குத் தாமாகச் சேவை புரிவதற்குத் தடையாக நின்றது. தோட்டம் தனியார் நிலமெனக் கொள்ளப்பட்டமையால், அமைச்சரின் அனுமதியும் தோட்ட நிருவாகத்தின் இசைவும் இன்றி ஒரு தெருவிளக்கைத் தானும் அங்கே நிறுத்துதல் அரிதாயிற்று. அச்சபைகளுக்கு உறுப்பினரைத் தெரிவு செய்ய வாக்களித்தோருள் தோட்டத்து மக்களும் இருந்தனர். வாக்குப் பெட்டி வரை சென்ற பாதை, வடிகாலுக்கும் வாசிகசாலைக்கும் வந்தபோது தோட்ட எல்லைக் கல்லோடு நின்றுவிட்டது. முப்பது ஆண்டுகள் நின்ற இவ்வேலியைப் பாராளுமன்றம் 2018 ஆம் ஆண்டிலே திருத்தச் சட்டத்தால் அகற்றியது.

சட்டத்தின் வேலி நீங்கிற்று. வழக்கத்தின் வேலி நீங்கவில்லை. நகரத்தைச் சுற்றியுள்ள வீதிகளே தன் எல்லை என்று நூலகம் எண்ணுகின்றது. நூலகம் தமக்குரியதன்று என்று தோட்டத்தாரும் எண்ணுகின்றனர். இவ்விரண்டு எண்ணங்களையும் மாற்றுதற்குச் செய்யத்தக்கன யாவை என்பதை, முன்னே கூறிய நான்கு உவமைகளின் வழிநின்று ஆராய்வோம்.

நிறைகோல்

முதலாவது நடுவுநிலைமை. எம்மிடம் பயின்ற மாணாக்கி ஒருத்தி க.பொ.த. உயர்தர வகுப்பிலே தமிழை ஒரு பாடமாகக் கற்றவள். தாய் கொழுந்து பறிப்பவர். பாடநூலுக்கு அப்பால் வாசிக்க வேண்டும் என்று எமது தூண்டுதலால் நகர நூலகம் ஒன்றுக்குச் சென்று அங்கத்துவப் படிவம் வாங்கி வந்தாள். வரிப்பண இடாப்பிலே பெயருள்ள ஒருவர் பிணை நின்று ஒப்பமிடல் வேண்டும் என்று அப்படிவம் கூறிற்று. “சேர், எங்க லயத்துக்கு வரிப்பணம் இல்லீங்களே, நான் யாருகிட்ட கையெழுத்து வாங்குறது?” என்று அவள் கேட்டாள். யாம் பிணை நிற்க முன்வந்தோம். எமது வீடு அந்நூலகத்தின் எல்லைக்குள் இல்லை என்ற விடை வந்தது. அப்படிவம் ஒப்பமின்றியே அவளது நூலொன்றினுள் ஆண்டிறுதி வரை கிடந்தது.

பிணை கேட்டல் தவறென்று கூறுகின்றோமில்லை. பொதுச் சொத்தைக் காத்தல் நூலகரது கடமை. ஆயின் இவ்விதி வீடும் காணியும் உடையவரை மனத்திற்கொண்டு வகுக்கப்பட்டது. நான்கு ஐந்து தலைமுறையாக ஒரே லயத்தில் வாழ்ந்தும் அந்த லயத்தின் ஒரு கல்லுக்கும் உரிமையில்லாத ஒருவரை அது கருதவில்லை. மாணவர்க்குப் பாடசாலை அதிபரின் ஒப்பமும், வளர்ந்தோர்க்குக் கிராம உத்தியோகத்தரின் சான்றும் போதுமென்று ஒவ்வொரு சபையும் தீர்மானித்தல் வேண்டும். இதற்குப் பணம் வேண்டா. ஒரு கூட்டத் தீர்மானம் போதும்.

அடுத்தது நேரம். கொழுந்து பறிப்பவர் காலையிலே பிரட்டுக்களத்துக்குச் சென்றால், மாலையிலே கொழுந்தை நிறுத்து வீடு திரும்பும்போது நூலகத்தின் கதவு மூடும் வேளையாகிவிடும். அவர்க்கு உறுதியாகக் கிடைக்கும் ஓய்வு ஞாயிற்றுக்கிழமை. ஆதலின் எந்நாள் அடைப்பினும் ஞாயிற்றுக்கிழமை முழுநாளும் திறந்திருத்தல் தோட்டங்களைச் சூழ்ந்த நூலகங்களுக்கு விதியாதல் வேண்டும்.

மூன்றாவது மொழி. 1987 ஆம் ஆண்டின் பதின்மூன்றாவது அரசியலமைப்புத் திருத்தத்தினால் தமிழும் இந்நாட்டின் ஆட்சிமொழியாயிற்று. பதுளை மாவட்டத்துப் பிரதேச செயலகப் பிரிவுகள் சில இருமொழி நிருவாகப் பிரிவுகளாகப் பிரகடனஞ் செய்யப்பட்டுள்ளன. அப்பிரிவுகளில் உள்ள நூலகத்திலே தமிழ் நூல் எத்தனை இறாக்கை, தமிழ் அறிந்த பணியாளர் எத்துணைப் பேர் என்பன கேட்கப்பட வேண்டிய கேள்விகள். ஆண்டு நிதியிலே தமிழ் நூல்களுக்கு ஒதுக்கும் பங்கு, அப்பகுதியின் தமிழ் மக்கள் தொகைக்கு ஏற்றதாய் இருத்தல் வேண்டும். அதுவும் பரீட்சை வழிகாட்டிகளால் மட்டும் நிரப்பப்படாமல், கதையும் கவிதையும் வரலாறும் அறிவியலும் கலந்ததாய் இருத்தல் வேண்டும்.

மலை

இரண்டாவது வழங்கும் இயல்பு. மலையிற் பெய்த நீர் மலையிலே தங்குவதில்லை. அருவியாய் இறங்கி வயலைத் தேடிச் செல்கின்றது. நூலகமும் வாசகனைத் தேடிச் செல்லுதல் வேண்டும். இங்கே இறங்குவதற்கு மாறாக ஏறிச் செல்லுதல் வேண்டும் என்பதொன்றே வேறுபாடு. தோட்டத்திலிருந்து நகருக்கு வந்து மீளும் பேருந்துக் கூலி, சில வீடுகளில் ஒரு வேளை உணவின் விலை. அத்தொகையைச் செலவிட்டு ஒரு கதைப் புத்தகத்துக்காகப் பிள்ளையை அனுப்பும் தாயை யாம் காணவில்லை. அனுப்பாத தாயைக் குறைகூறவும் மாட்டோம்.

இவ்விடர் எமக்கு மட்டும் உரியதன்று. சீர்காழியிலே பிறந்து, சென்னைப் பல்கலைக்கழக நூலகராய் விளங்கிய சீ. இரா. அரங்கநாதனார், நூலகவியலின் ஐந்து நெறிகளை 1931 ஆம் ஆண்டிலே நூலாக வெளியிட்டார். அதே ஆண்டு ஒக்டோபரில் மன்னார்குடிப் பகுதியிலே கனகசபைப் பிள்ளை என்ற ஓய்வுபெற்ற பொறியியலாளர், மாட்டுவண்டியிலே நூல்களை ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுசெல்லும் நடமாடும் நூலகத்தை அமைத்தார். அரங்கநாதனாரே அதனைத் தொடக்கி வைத்தார். நூல் பயன்படுதற்கு உரியது, ஒவ்வொரு வாசகனுக்கும் அவனுக்குரிய நூல் உண்டு என்னும் கருத்துக்கள் ஏட்டில் நின்றுவிடாமல் சக்கரம் பூண்டு தெருவில் ஓடின. சோழநாட்டுச் சமவெளியிலே மாட்டுவண்டி செய்த பணியை ஊவாவின் வளைந்த பாதைகளிலே இன்று எது செய்யும்?

பேருந்து வடிவில் நடமாடும் நூலகம் அமைதல் சிறப்பே. ஆயின் அதற்கு ஊர்தி வேண்டும், சாரதி வேண்டும், எரிபொருள் வேண்டும். 2022 ஆம் ஆண்டிலே எரிபொருளுக்காக நாம் நின்ற வரிசைகளை மறந்திலோம். அவ்வளவு செலவில்லாத வழி ஒன்றுண்டு. நம் முன்னோர் கடல் கடந்து வந்தபோது தம் உடைமைகளை வைத்துக் கொணர்ந்த ரங்குப்பெட்டி இன்றும் பல லயங்களிலே உள்ளது. அத்தகைய பெட்டியொன்றில் ஐம்பது நூல்களை வைத்து, நூலகத்தின் முத்திரையோடு ஒரு தோட்டப் பாடசாலைக்கு அனுப்புக. ஒரு தவணை அங்கே இருக்கட்டும். அடுத்த தவணை அப்பெட்டி அடுத்த தோட்டத்துக்குச் செல்லட்டும். அங்கிருந்த பெட்டி இங்கே வரட்டும். பத்துப் பெட்டிகள் பத்துத் தோட்டங்களைச் சுற்றினால், ஒவ்வொரு பிள்ளையும் மூன்றாண்டுக்குச் சற்று மேற்பட்ட காலத்தில் ஐந்நூறு நூல்களைக் காணும். நாள்தோறும் தோட்டத்துக்கும் தொழிற்சாலைக்கும் இடையே ஓடும் கொழுந்து லொறியிலே ஒரு பெட்டிக்கு இடமில்லாமற் போகாது. தோட்ட நிருவாகங்கள் இதற்கு இசைவரென்றே நம்புகின்றோம்; இசையாதவிடத்துத் தொழிற்சங்கங்கள் கேட்டுப் பெறட்டும்.

கைப்பேசி இருக்கும்போது பெட்டி எதற்கு என்று இளைஞர் சிலர் நகைத்தல் கூடும். 2020, 2021 ஆம் ஆண்டுகளில் நோய்த்தொற்றினாற் பாடசாலைகள் மூடப்பட்டபோது, அலை கிட்டாமையாற் பாறைமேல் ஏறியிருந்து பாடம் பெற்ற பிள்ளைகளைப் பற்றிய செய்தி ஊவா மாகாணத்துக் கிராமமொன்றிலிருந்தே உலகப் பத்திரிகைகளுக்குச் சென்றது. அலை கிட்டாத பள்ளத்திலும் புத்தகம் திறக்கும். மின்சாரம் நின்ற பகலிலும் திறக்கும். கைப்பேசியை வெறுக்குமாறு யாம் கூறவில்லை. 2005 ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற ‘நூலகம்’ என்னும் எண்ணிம நூலகத்திலே ஈழத்து நூல்களும் இதழ்களும் ஏராளமாக இலவசமாய்க் கிடைக்கின்றன. அதனைத் திறந்து காட்டுதற்கும் ஊர் நூலகத்திலே ஒரு கணினியும், அதனருகே பொறுமையுள்ள ஒருவரும் இருத்தல் வேண்டும்.

மலர்

மூன்றாவது கண்காட்சி. நூலகத்துக் கண்ணாடிப் பேழையைக் கடைக்காரர் தம் சரக்கைப் பரப்பும் இடம்போற் கருதுதல் கூடாது. தன்னைத் தானே காணும் கண்ணாடியாகவும் அஃது இருத்தல் வேண்டும். தோட்டத்துப் பிள்ளை ஒருவன் நூலகத்தினுட் புகும்போது, தன் மக்களைப் பற்றிய ஒரு சொல்லாவது, ஒரு பொருளாவது அங்கே அவனை வரவேற்றல் வேண்டும்.

பதுளை இவ்வகையில் வறிய நிலமன்று. 1934 ஆம் ஆண்டு ஹாலிஎலைக்கு அணித்தான ஊவாக்கட்டவளைத் தோட்டத்திலே பிறந்தவர் தெளிவத்தை ஜோசப். பதுளையை அடுத்த தெளிவத்தைத் தோட்டத்தின் பெயரையே தம் பெயருக்கு முன் பூண்டு, அப்பெயரைத் தமிழுலகெங்கும் கொண்டு சென்றார். ‘காலங்கள் சாவதில்லை’ என்னும் நாவலும், ‘நாமிருக்கும் நாடே’ என்னும் சிறுகதைத் தொகுதியும், ‘குடைநிழல்’ என்னும் நாவலும் அவர் தந்தவை. 2013 ஆம் ஆண்டு தமிழகத்திலே விஷ்ணுபுரம் விருது அவருக்கு வழங்கப்பட்டது. 2022 ஆம் ஆண்டு அவர் மறைந்தார். பதுளை மாவட்டத்து நூலகம் ஒவ்வொன்றிலும் அவர் பெயர் எழுதிய ஒரு தட்டாவது உண்டா? தன் தோட்டத்துக்கு அடுத்த தோட்டத்திலே பிறந்த ஒருவர் எழுத்தாளரானார் என்பதைக் கண்ணாற் காணும் சிறுவனுக்கு, நூறு மேடைப் பேச்சுக்கள் தராத ஊக்கத்தை அத்தட்டுத் தரும்.

மலையகத்து எழுத்தின் பழமையும் காட்டற்பாலது. ஆபிரகாம் ஜோசப் என்பவர் ‘கோப்பிக் கிருஷிக் கும்மி’யை வெளியிட்டது 1869 ஆம் ஆண்டில், தேயிலை இம்மலைகளிலே பரவுதற்கு முன்பே தோட்ட வாழ்வு அச்சேறிவிட்டது. சி. வி. வேலுப்பிள்ளை அவர்கள் தோட்டத்து மக்களின் வாய்மொழிப் பாடல்களைத் திரட்டி ‘மலைநாட்டு மக்கள் பாடல்கள்’ எனத் தந்தார். இவற்றின் அருகே மார்ட்டின் விக்கிரமசிங்க அவர்களின் ‘கம்பெரலிய’வையும், அதனை ம. மு. உவைஸ் அவர்கள் ‘கிராமப் பிறழ்வு’ எனத் தமிழாக்கிய நூலையும் வைத்துப் பாருங்கள். சிங்கள மாணவரும் தமிழ் மாணவரும் ஒரே பேழையின் முன் நின்று, ஒருவர் வாழ்வை ஒருவர் எட்டிப் பார்ப்பர்.

நூல்களோடு பொருள்களும் வருதல் வேண்டும். பழைய செக்ரோல் ஏடு, 1921 ஆம் ஆண்டு சட்டத்தால் ஒழிக்கப்பட்ட ‘துண்டு’ முறையின் எச்சமான கடதாசி, கப்பலில் வந்தவரின் சீட்டு, பிரசாவுரிமை விண்ணப்பம், இந்தியா சென்ற உறவினர் எழுதிய கடிதம், மாசித் திங்களிலே ஆடும் காமன் கூத்தின் கையெழுத்துப் பிரதி, பொன்னர் சங்கர் பாடும் முதியவரின் குரற்பதிவு. இவை யாவும் இன்று எங்கே உள்ளன? லயத்துப் பரணிலே, புகையிலும் ஈரத்திலும், ஒவ்வொன்றாக அழிகின்றன. 2023 ஆம் ஆண்டு மலையக மக்கள் இருநூறு ஆண்டு நிறைவை நினைவுகூர்ந்து தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தனர். நடந்த கால்களின் வரலாற்றுக்குச் சான்றாகும் கடதாசிகளை நாம் காக்கவில்லையேல், முந்நூறாம் ஆண்டிலே நடப்போர்க்குக் காட்டுதற்கு ஒன்றும் எஞ்சாது. மூலத்தை உடையவரிடமே மீளக் கொடுத்து, படியெடுத்துப் பேழையில் வைத்தால் யாரும் மறுக்கார்.

நிலம்

நான்காவது மக்களின் பங்கு. நிலம் தானாக விளைவதில்லை, உழுவார் வேண்டும். யாழ்ப்பாணப் பொது நூலகத்தின் வரலாறு இதற்குத் தக்க சான்று. 1933 ஆம் ஆண்டிலே க. மு. செல்லப்பா என்னும் தனியொருவர் தம் இல்லத்திலே தொடங்கிய முயற்சி, அடுத்த ஆண்டு வாடகை அறையொன்றில் 844 நூல்களோடு வாசிகசாலையாய்த் திறக்கப்பட்டது. 1935 இல் நகர சபை அதனைப் பொறுப்பேற்றது. பின்னர்ப் புதிய கட்டடத்துக்காகக் களியாட்டு விழாக்களாலும் அதிட்டலாபச் சீட்டுக்களாலும் மக்களின் காசு சேர்ந்தது; 1959 இல் அக்கட்டடம் திறக்கப்பெற்றது. 1981 ஆம் ஆண்டு அஃது எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் அழிந்தன. மீண்டும் எழுந்து 2003 இல் திறந்தது. மக்கள் தமதென்று கருதிய நூலகம் சாம்பலிலிருந்தும் எழும் என்பதை அது காட்டிற்று. பதுளைத் தோட்டங்களிலே எரிப்பார் வேண்டா; கூரையொழுக்கும் கறையானும் அத்தொழிலை ஓசையின்றிச் செய்கின்றன. அழிவு ஓசையின்றி நிகழ்வதால், அழுவாரும் இல்லை.

இன்னொரு சான்று கேரளத்திலிருந்து வருகின்றது. பி. என். பணிக்கர் என்னும் பாடசாலை ஆசிரியர், 1945 ஆம் ஆண்டு 47 ஊர் நூலகங்களை ஒன்று சேர்த்துத் திருவிதாங்கூர் நூலகச் சங்கத்தை அமைத்தார். அவர் மறைந்த யூன் 19 ஆம் நாளே இன்று அங்கு வாசிப்பு நாள். அவர் அமைச்சருமல்லர், செல்வருமல்லர். நம்மைப் போன்ற ஓர் ஆசிரியரே என்பதை இதனை வாசிக்கும் ஆசிரியர்கள் நினைவிற் கொள்ளல் வேண்டும்.

தோட்டத்து மக்கள் வாசிப்புப் பழக்கம் இல்லாதவர் என்ற கூற்றும் உண்மையன்று. முன்னாளிலே லயத்து முற்றத்தில், எழுத்தறிந்த ஒருவர் விளக்கருகே இருந்து பாரதத்தையோ, பெரிய எழுத்து நல்லதங்காள் கதையையோ இராகத்துடன் வாசிக்க, நாள் முழுதும் உழைத்த மக்கள் சூழ்ந்திருந்து கேட்டனர். கோ. நடேசையர் அச்சிட்ட துண்டுப் பிரசுரங்களும், அவர் துணைவியார் மீனாட்சியம்மையார் பாடிய பாடல்களும் எழுத்தறியாதவர் செவியையும் எட்டின. அது செவிவழி வாசிப்பு. அதனைப் புதுப்பித்தல் நூலகத்தின் சேவைகளுள் ஒன்றாதல் வேண்டும். கிழமைக்கு ஒருநாள் கோயில் மண்டபத்திலோ, பிள்ளைக் காம்பராவிலோ உயர்தர வகுப்பு மாணவன் ஒருவன் ஒரு சிறுகதையை உரக்க வாசிக்கட்டும். தான் பறிக்கும் கொழுந்தும் தான் பேசும் சொல்லும் அச்சில் இருப்பதைக் கேட்கும் தாய், மறுநாள் தன் பிள்ளை புத்தகத்தோடு இருப்பதைக் கண்டு “வேலையைப் பார்” என்று அதட்டமாட்டாள்.

நூல் திரும்பி வாராது என்று அஞ்சுவோர்க்கு ஒன்று கூறுவோம். ஐம்பது நூல்களிலே ஐந்து தொலையக்கூடும். சில மழையில் நனையக்கூடும். இறாக்கையிலே பூட்டிவைத்த நூலோ ஐம்பதும் தொலைந்ததற்கு ஒப்பாகும், அதனைத் தொடுவார் இல்லையாதலால். தேய்ந்த முனையும் கிழிந்த அட்டையும் நூலகத்துக்கு இழுக்கல்ல.

இனி யார் எதனைச் செய்தல் வேண்டும்? சபை உறுப்பினர்கள் பிணை விதியையும் ஞாயிற்றுக்கிழமைத் திறப்பையும் அடுத்த கூட்டத்திலேயே எடுத்துக்கொள்ளலாம். நூலகர்கள் ஒரு பேழையைத் தோட்டத்துக்கென ஒதுக்கலாம். இலக்கிய வட்டத்தார் தம் கூட்டங்களை நகர மண்டபத்தில் நடத்துவதோடு அமையாது, ஆண்டிலே இருமுறையாவது தோட்டப் பாடசாலையில் நடத்தலாம். வெளியிடும் நூலின் பத்துப் படிகளை ரங்குப்பெட்டிகளுக்குக் கொடுக்கலாம். மாணவர்கள் தம் பாட்டன் பாட்டியரின் கடதாசிகளைக் கேட்டுத் தேடலாம். ஆசிரியர்களாகிய நாம் ஒவ்வொருவரும் நம் வகுப்பிலுள்ள பிள்ளைகளுள் எத்தனை பேருக்கு நூலக அங்கத்துவ அட்டை உண்டு என்பதை நாளையே எண்ணிப் பார்க்கலாம். அவ்வெண்ணிக்கையைக் கரும்பலகையின் ஓரத்திலே எழுதி வைப்போம். வரும் ஒக்டோபரிலே வாசிப்பு மாத மேடையேறுமுன் அதனை மீண்டும் எண்ணுவோம். தொகை கூடியிருந்தால் அம்மேடையில் நமக்குப் பேசும் உரிமை உண்டு.